‘ஸ்லாக் மால்ட்’: நமுத்த மால்ட் என்றே சொல்லலாமே

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நம் பியர்க் கையேட்டின் கலைச்சொல் பட்டியலுக்காக, ‘ஸ்லாக் மால்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுவரை தளர்மால்ட், பழமால்ட், ஈரமால்ட் என்று மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். பியருக்கான பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். அதுதான் மால்ட். உலர்ந்து வரும்போது அதில் 3 முதல் 5 விழுக்காடுதான் ஈரம். சாக்கின் வாயைச் சரியாகக் கட்டாமல் விட்டால் அது காற்றின் ஈரத்தைக் குடித்து மொறுமொறுப்பை இழந்துவிடும். பிரிட்டனின் பியர்த் தொழிலில் அதைத்தான் ‘ஸ்லாக்’ என்கிறார்கள். இதற்கும் வயதுக்கும் நேரடித் தொடர்பில்லை. போன மாதம் வாங்கியது இப்படி ஆகியிருக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் ஓராண்டு கிடந்த முழுமணி நன்றாகவே இருக்கலாம். ஆகவே பழமால்ட் பொருந்தாது. ஈரமால்ட் அதைவிட ஆபத்து. உலர்த்துவதற்கு முந்தைய பச்சை மால்ட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும்; வாசகர் அதையே நினைத்துக்கொள்வார். தளர்மால்ட் என்றால் என்ன தளர்ந்தது என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை.

பொரிகடலை டப்பாவை மூட மறந்தால் மறுவாரம் வீட்டில் என்ன சொல்கிறோம்? நமுத்துப்போய்விட்டது என்கிறோம். கெடவில்லை, ஊசவில்லை, ஆனால் கடித்தால் ‘கடுக்’ என்று உடையாமல் சவசவக்கிறது. மால்ட்டுக்கு நேர்வதும் அச்சு அசலாக இதுவேதான். அதைக் கண்டறியும் முதல் சோதனையும் இதுதான்: நாலு மணியை வாயில் போட்டுக் கடிக்க வேண்டும். நல்லது நொறுங்கி இனிக்கும். நமுத்தது உருளை அரவையில் உடையாமல் அவல் போல நசுங்கும். உள்ளிருக்கும் மாவு வெந்நீரில் சரியாகக் கரையாமல் சர்க்கரை குறையும். எடை போட்டு வாங்குபவருக்கு இன்னொரு நட்டமும் உண்டு: தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

‘அடுக்களைச் சொல் கலைச்சொல் ஆகுமா?’ என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். ஏன் ஆகக்கூடாது? ‘ஸ்லாக்’ என்ன பல்கலைக்கழகத்திலா பிறந்தது? அதுவும் தொழிலாளியின் வாய்ச்சொல்தான்.

அவருடைய இரண்டாவது ஐயம் நியாயமானது. சிலர் நமத்தல் என்கிறோம், சிலர் நமுத்தல் என்கிறோம், எதைக் கொள்வது? நான் உகரத்தின் பக்கம். காரணம் எளிது. எதிர்மறை எழுதிப் பாருங்கள்: ‘நமக்காத மால்ட்’. நமக்கு ஆகாத மால்ட் என்று படித்து யாராவது மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘நமுக்காத’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

இந்தச் சொல்லை ஏற்றால் மற்றவற்றையும் தனித்தனியே பிரித்து வைக்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது. கையேட்டின் வரைவில் எல்லாவற்றுக்கும் ‘கெட்ட மால்ட்’ என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். வண்டு துளைத்து மாவாய்க் கொட்டுவது உளுத்த மால்ட். எண்ணெய்ச் சிக்கு அடிப்பது காறிய மால்ட்; கொழுப்பு மிகுந்த ஓட்ஸில் இது சீக்கிரம் வரும். பூஞ்சை பிடித்ததற்குப் புதுப்பெயர் வேண்டாம். அதைக் கொட்டிவிட வேண்டும், நச்சு சேர்ந்திருக்கலாம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி வலுவிழந்ததை வீரியம் குன்றிய மால்ட் எனலாம். அதை நாக்கு முழுமையாகச் சொல்லாது. சிறிதளவு அரைத்து 65 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்து, ஒரு சொட்டு எடுத்து அயோடின் விட்டுப் பார்க்க வேண்டும். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சம். லேசாக நமுத்ததை மிதமான சூட்டில் உலர்த்தினால் மொறுமொறுப்பு திரும்பும், போன வீரியம் திரும்பாது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்த வரியையே எழுத முடியாது.

ஓர் எச்சரிக்கை. உமி உடையாமல் இருக்க அரைப்பதற்குச் சற்று முன் மால்ட்டின் மேல் லேசாக நீர் தெளிப்பதுண்டு. அது நமுத்தல் அல்ல, வேண்டுமென்றே செய்வது. அதற்கு ‘உமி நனைத்தல்’ போதும்.

வெள்ளிக்குள் மறுப்பு வராவிட்டால் ‘நமுத்த மால்ட்’ என்று பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கலவையான ‘மேஷ்’ என்பதற்கு ‘ஊறல்’ என்று அம்மா ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் அந்தச் சொல் வந்தாலே பின்னால் போலீசும் வருகிறது. அதைத் தனி மடலில் பேசுவோம்.