லாக்லைனில் இடைவேளைத் திருப்பத்தைச் சொல்லலாமா?

வணக்கம். திரைக்கதை முடிந்துவிட்டது, 110 பக்கம். லாக்லைன், அதாவது கதையை ஓரிரு வரியில் சொல்லும் சுருக்கம், மட்டும் மூன்று வாரமாக நகரவில்லை. பத்து நாளில் ஒரு தயாரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

இப்போது இருப்பது இது: "ஓய்வுபெறப் போகும் கைரேகை நிபுணர் ஒருவர், தன் தவறான சாட்சியத்தால் ஆயுள் தண்டனை பெற்ற நிரபராதியை விடுவிக்கப் போராடுகிறார்."

நாயகி யார், என்ன வேண்டும் என்பது தெரிகிறது. ஆனால் கதை தெரியாத நான்கு பேரிடம் வாசித்துக் காட்டினேன். நால்வரும் "சரி, அப்புறம்?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். அவரைத் தடுப்பது எது, தோற்றால் எதை இழப்பார் என்பது இதில் இல்லை.

அதற்கான பதில் 56ஆம் பக்கத்தில் வருகிறது: நாயகி தவறாகச் சாட்சி சொன்ன அந்தக் கைரேகை அவருடைய சொந்த மகனுடையது. எனக்கு இந்தக் கதையே அங்கேதான் உயிர் பெறுகிறது.

பெயரை எடுத்துவிட்டுத் தொழிலைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாக்கியமாக்கினேன், 30 சொல்லைத் தாண்டி இழுத்தது. கேள்வியாக முடித்தால் போஸ்டர் வாசகம் மாதிரி ஆகிவிட்டது. "அதிர்ச்சியான உண்மை ஒன்று தெரியவருகிறது" என்று பூடகமாக எழுதியதுதான் எல்லாவற்றிலும் மோசம், எந்தக் கதைக்கும் அது பொருந்தும். மகனைச் சேர்த்தால் வரி நிமிர்ந்து நிற்கிறது, ஆனால் படிப்பவருக்கு முதல் பாதியின் மர்மம் போய்விடுமோ என்று கை தயங்குகிறது.

தயாரிப்பாளருக்குக் கொடுக்கும் லாக்லைனில் மகன் விஷயத்தைச் சொல்லிவிடலாமா, மறைக்க வேண்டுமா?