ராம் ரெண்டு போட்டும் சிங்கிள் சேனல்னு காட்டுது, ஏன்?

தண்டையார்பேட்டை டிடிபி:
பழைய 8 ஜிபி பக்கத்துலயே இன்னொரு 8 ஜிபி சொருகினேன். டிடிஆர்4, 3200. மொத்தம் 16 காட்டுது, ஆனா சிபியு-இசட்டுல, அதான் கம்ப்யூட்டர் பாகங்களைக் காட்டுற சாஃப்ட்வேர்ல, சிங்கிள் சேனல்னே வருது. காசு வேஸ்ட்டாண்ணா?

ராயபுரம் சர்வீஸ்:
வேஸ்ட் இல்ல தம்பி. ராமை மேய்க்கிற மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்ளயே உக்காந்திருக்கு. உன் போர்டுல 4 ஸ்லாட்டுன்னா, அந்த கன்ட்ரோலர்லேர்ந்து ரெண்டு சேனல், அதாவது டேட்டா போற ரெண்டு பாதை, கிளம்பும்; ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்லாட்டு, 64 பிட் அகலம். ஒண்ணுல நொடிக்கு 25.6 ஜிபி வரைக்கும் போகும், ரெண்டும் ஓடினா 51.2. நீ ரெண்டையும் ஒரே சேனல்ல சொருகிட்டே. தீபாவளிக்குத் துணிக்கடை நிறைஞ்ச எம்.சி. ரோடே நெரியுது, பக்கத்துத் தெரு காலியா கிடக்குது, அந்தக் கதைதான். பிராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணி 2, 4ல போடு. போர்டு புக்கையும் ஒருவாட்டி பாத்துக்க. பிளக்கைப் பிடுங்கிட்டு கைவை. ராமோட அடியில தங்கக் கலர்ல இருக்கிற பல்லுல அழுக்கு இருந்தா பென்சில் ரப்பரால லேசா தேய்.

தண்டையார்பேட்டை டிடிபி:
டூயல்னு வந்துருச்சுண்ணா! ஆனா பேனர் ஃபைல் திறக்க இன்னும் அதே லேட்டு.

ராயபுரம் சர்வீஸ்:
ஹார்டுடிஸ்க்தானே வச்சிருக்க? ஃபைல் அங்கேர்ந்து ராமுக்கு வந்து சேர்றதுக்குள்ள டீ ஆறிடும். அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி மாத்து, சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க் அது.