ஒரே இகுவானாக் குஞ்சா?

கேள்வி: பிபிசியின் ‘பிளானட் எர்த் 2’ தொடரில் (2016), கலாபகஸின் ஃபெர்னாண்டினா தீவில் பாம்புகளிடமிருந்து தப்பியோடும் கடல் இகுவானா என்ற பல்லியினத்தின் குஞ்சைக் கண்டு நெஞ்சு பதறியது. நாம் பார்த்தது ஒரே குஞ்சைத்தானா?

மறுமொழி 1: இல்லை. வெவ்வேறு குஞ்சுகளின் காட்சிகள் இணைக்கப்பட்டதைத் தயாரிப்பாளரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஆயினும் அங்கே நிகழ்ந்த வேட்டை உண்மையானது என்பதால், இதை மோசடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 2: ஒலியையும் கவனியுங்கள், ஐயா. தொலைவிலிருந்து படமெடுக்கும்போது செதில் மணலில் உரசும் ஓசை ஒலிவாங்கிக்கு எட்டாது. இத்தகைய ஓசைகளைப் பெரும்பாலும் ஒலிக்கூடத்தில் கலைஞர்கள் உருவாக்கிச் சேர்க்கிறார்கள்.

மறுமொழி 3: குஞ்சு கல்லாய்ச் சமைந்து நிற்கையில், பாம்புக்குப் பார்வை கூர்மையில்லை, ஆனால் அசைவை அறியும் என்று தொடரின் வருணனையாளர் டேவிட் அட்டன்பரோ சொன்ன பிறகுதான், அந்த அசைவின்மை நமக்கு உயிர்ப்போராட்டமாகத் தெரிகிறது. குரலை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள்.