செங்காயில் பறித்த தக்காளிக்கு ருசி உண்டா?

வேலியோரம்:
நுனிநாக்கு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தக்காளியைச் செங்காயில் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தால் போதும். கடைசி வரை செடியில் விட்டுவைப்பது வெறும் பிடிவாதம். ருசியில் ஒரு மாற்றமும் இல்லை."

ஒரு மாற்றமும் இல்லையாம்! பதினோரு வருடமாகத் தக்காளி வைக்கிறேன். செடியிலேயே பழுத்து, கையை அடியில் கொடுத்து லேசாகத் தூக்கினாலே காம்பு விட்டு வந்துவிடும் பழத்தை, வெயில் சூடு ஆறுவதற்குள் அங்கேயே நின்று கடித்துத் தின்றவனுக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். விற்பனைக்குப் போகும் தக்காளியில் ஏகப்பட்டதைப் பச்சையாகவே பறித்து, எத்திலீன் வாயு கொடுத்துச் சிவக்க வைக்கிறார்கள். அது பிடிக்காமல்தானே மண்ணைக் கிளறி, தண்ணீர் சுமந்து, புழு பொறுக்கி இந்தப் பாடு படுகிறோம்? செங்காயில் பறிப்பது அதே வழியில் பாதி தூரம் போவதுதான்.

நுனிநாக்கு:
நான் செங்காய் என்று எழுதினேன். நீங்கள் பச்சைக்காயைப் பற்றிப் பாடம் எடுக்கிறீர்கள். படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

தக்காளி பறித்த பிறகும் பழுக்கக்கூடியது. பழுப்பதற்கு வேண்டிய எத்திலீனை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். நிறம் திரும்பிவிட்டது என்றால் உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் செடியில் விட்டால் எனக்கு மிஞ்சுவது அணில் கடித்ததும் மழையில் வெடித்ததும்தான். போன பருவத்தில் ஒரே இரவு மழையில் 23 பழம் வெடித்துப் போனது. உங்கள் தத்துவத்தை அந்த 23 பழத்திடம் சொல்லுங்கள்.

வேலியோரம்:
வெடித்தது மழையின் குற்றம் இல்லை. நாலு நாள் காயவிட்ட செடிக்கு மொத்தமாகத் தண்ணீர் கிடைத்தால், தோல் விரியும் வேகத்தைவிட உள்சதை வேகமாக வீங்கும். அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? அடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, ஈரத்தை ஒரே சீராக வைத்திருங்கள். மழை வந்தாலும் இவ்வளவு சேதம் வராது. வளர்ப்பில் உள்ள குறையை மறைக்கச் செங்காயில் பறிப்பது ஒரு வழி, அவ்வளவுதான்.

ருசிக்கு வருவோம். பழத்தில் இருக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி இலைகள் சமைத்து அனுப்புவது. அது காம்பு வழியாகத்தான் வருகிறது. காம்பை ஒடித்த பிறகு எங்கிருந்து வரும்? செங்காயில் பறித்தால் அதுவரை வந்து சேர்ந்ததை வைத்துத்தான் பழம் ஒப்பேற்ற வேண்டும்.

மண்புழு:
ஒரு சின்ன வேண்டுகோள். இருவரும் செங்காய் என்று எதைச் சொல்கிறீர்கள்? அமெரிக்க வேளாண்மைத் துறை தக்காளியின் நிறத்தை 6 நிலைகளாகப் பிரிக்கிறது. முழுப் பச்சை முதல் நிலை. நிறம் திரும்பியது 10 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் இரண்டாம் நிலை. அப்புறம் 30 வரை, 60 வரை, 90 வரை என்று போய், 90-ஐத் தாண்டினால்தான் முழுச் சிவப்பு. நுனிநாக்கு சொல்வது இரண்டாம் நிலையா, நான்காம் நிலையா? இரண்டுக்கும் நடுவே நாள் கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. அதேபோல ருசி என்று சொல்வது இனிப்பையா, புளிப்பையா, மணத்தையா? இதைச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நுனிநாக்கு:
மண்புழு ஐயா, செங்காய் என்றால் செங்காய். பார்த்தால் தெரியும்.

வேலியோரம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். செங்காய் எது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. அதைப் பறிக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு.

பனித்துளி:
இவ்வளவு பெரிய விஷயமா இது? நான் பழுத்ததும் பறித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். தேவைப்படும்போது எடுத்துச் சாப்பிடுவேன். நன்றாகத்தான் இருக்கிறது.

வேலியோரம்:
அக்கா, இதற்குச் செங்காயே தேவலை! 2016-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வெளியே எடுத்து ஒரு நாள் சாதாரண வெப்பத்தில் வைத்த பிறகும் போன மணம் சரியாகத் திரும்பி வரவில்லை. மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சில குளிரில் அடங்கிப்போகின்றன. தக்காளியின் உயிரே மணம்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு தின்று பாருங்கள், கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் கலந்த தண்ணீர்தான் மிஞ்சும்.

பனித்துளி:
அவர்கள் வைத்தது ஒரு வாரம். நான் வைப்பது இரண்டு நாள். அதுவும் நன்றாகக் கனிந்து, வெளியே வைத்தால் அழுகிவிடும் என்று தெரிந்த பழத்தைத்தான். சர்க்கரையும் புளிப்பும் குளிரில் மாறவில்லை என்று அதே ஆய்வில் இருக்கிறதே, அதை ஏன் தம்பி விட்டுவிட்டீர்கள்? உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் படிப்பது புதிதில்லை. கத்தரிக்காய் பற்றிய பேச்சிலும் இதைத்தான் செய்தீர்கள்.

வேலியோரம்:
கத்தரிக்காயை இங்கே கொண்டு வராதீர்கள். அதில் நான் சொன்னது சரிதான்.

ஈரமண்:
நான் இரண்டு பக்கமும் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெப்பம் 30 டிகிரிக்கு மேலேயே நின்றால் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. செடியில் எத்தனை நாள் விட்டாலும் பழம் ஆரஞ்சும் மஞ்சளுமாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட நாட்களில் நான் செங்காயைப் பறித்து உள்ளே நிழலில் வைத்துவிடுவேன், அழகாகச் சிவக்கும். செடியில் பழுப்பதுதான் எப்போதும் மேல் என்று வேலியோரம் அண்ணன் ஒரே அடியாகச் சொல்வது சரியில்லை.

அப்புறம் அண்ணா, நீங்கள் அனுப்பிய விதை பற்றி மூன்று முறை கேட்டுவிட்டேன். பதிலே இல்லை. மூன்று செடி வந்தது, மூன்றிலும் மூன்று விதமான பழம்.

வேலியோரம்:
சிவப்பு வேறு, ருசி வேறு. ஆரஞ்சு நிறத்தில் நின்றாலும் செடியில் முழுசாகக் கனிந்த பழத்தில் சேர வேண்டியது சேர்ந்திருக்கும். நீங்கள் கண்ணால் சாப்பிடுகிறீர்கள்.

விதையில் குறை இல்லை. உங்கள் நாற்றங்காலில் வேறு விதை கலந்திருக்கும்.

ஈரமண்:
புதுத் தொட்டி, புது மண். வேறு விதை எங்கிருந்து வரும்? தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் செடி. பழைய நாட்டு ரகமாக இருந்தால் தாய்ச்செடி மாதிரியே வந்திருக்க வேண்டும். மூன்றும் மூன்று விதம் என்றால் வீரிய ஒட்டு ரகப் பழத்திலிருந்து விதை எடுத்திருக்கிறீர்கள். பாட்டன் காலத்து விதை என்று எழுதி அனுப்பினீர்களே, அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நுனிநாக்கு:
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. விதை எந்த ரகம் என்றே தெரியாதவர் நான் எப்போது பறிக்க வேண்டும் என்று சொல்கிறார்.

வேலியோரம்:
விதையை வைத்துச் செங்காயிலிருந்து நழுவப் பார்க்காதீர்கள். என் செடியில் காய் பச்சையாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு பட்டை விழும். அந்தப் பட்டை அழகில்லை என்று, காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளையே பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்ததில் ஒரு மரபணு வேலை செய்யாமல் போய், பழத்தின் சர்க்கரையும் குறைந்தது என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். என் பழத்தில் அந்தக் கரும்பச்சை இருக்கிறது. ரகம் தெரியாதவன் இதைத் தேடி வளர்ப்பானா?

நுனிநாக்கு:
நல்ல தகவல். ஆனால் அது ரகத்தைப் பற்றியது, பறிக்கும் நாளைப் பற்றியது இல்லை. உங்கள் கரும்பச்சைக் காயையும் செங்காயில் பறிக்கலாம்.

நான் சும்மா வாயால் பேசவில்லை. வீட்டில் ஐந்து பேருக்குக் கண்ணைக் கட்டித் துண்டு துண்டாகக் கொடுத்தேன். மூன்று பேர் செங்காயில் பறித்துப் பழுக்க வைத்ததைத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வேலியோரம்:
இரண்டு பழமும் ஒரே செடியா? ஒரே கொத்தா? ஒரே நாளில் பூத்த பூவா? உப்பு போட்டீர்களா?

நுனிநாக்கு:
ஒரே செடி. வேறு வேறு கொத்து. எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு உப்பு.

வேலியோரம்:
அப்படியென்றால் செல்லாது. உப்பு கசப்பை அமுக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். சப்பென்று இருக்கும் பழம்கூட உப்பு பட்டால் எழுந்து நிற்கும். மேல் கொத்துப் பழமும் கீழ்க் கொத்துப் பழமும் ஒரே வெயில், ஒரே தண்ணீரில் வளர்ந்தவை இல்லை. ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றால் ஒரே கொத்தில் அடுத்தடுத்த பூக்களுக்கு நூல் கட்டி நாள் குறித்து வைக்க வேண்டும். நான் அப்படிச் செய்திருக்கிறேன், இரண்டு பருவம். இரண்டு முறையும் செடியில் பழுத்ததுதான் ஜெயித்தது.

நுனிநாக்கு:
தின்று பார்த்தது யார்?

வேலியோரம்:
நான்.

நுனிநாக்கு:
கண்ணைக் கட்டிக்கொண்டா?

வேலியோரம்:
பதினோரு வருடம் தின்ற நாக்குக்குக் கண்ணைக் கட்ட வேண்டியதில்லை.

நுனிநாக்கு:
சரி, நாக்கைப் பற்றியே பேசுவோம். 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸ் அதே பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பிறப்பிலேயே நாக்கு ஆளுக்கு ஆள் வேறு என்பதைக் காட்டிய சம்பவம் அது. எனக்குப் புளிப்பும் கெட்டியும் உள்ள பழம்தான் பிடிக்கும். தொட்டால் குழையும் பழம் எனக்கு ஆகாது. உங்கள் நாக்கை எல்லோருக்கும் அளவுகோலாக வைக்காதீர்கள்.

வேலியோரம்:
கசப்புப் பொடியைக் கொண்டுவந்து தக்காளிமேல் தூவுகிறீர்கள். உங்களுக்குப் புளிப்புதான் பிடிக்கும் என்று முதலிலேயே எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நீங்கள் எழுதியது அது இல்லை. "ருசியில் ஒரு மாற்றமும் இல்லை" என்று எழுதினீர்கள். புளிப்பாகவும் கெட்டியாகவும் இருப்பதால் செங்காய்ப் பழம் பிடிக்கிறது என்றால், மாற்றம் இருக்கிறது என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

நுனிநாக்கு:
சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள். சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை என்ற பொருளில் எழுதினேன்.

வேலியோரம்:
"ஒரு மாற்றமும் இல்லை." நான் மாற்றி எழுதவில்லை, மேலே அப்படியே இருக்கிறது.

பனித்துளி:
எனக்கும் கெட்டியான பழம்தான் பிடிக்கும். விதையைச் சுற்றி இருக்கும் கொழகொழப்பை வழித்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

வேலியோரம்:
அக்கா, ருசியை வழித்துப் போட்டுவிட்டுத் தோலையும் சதையையும் தின்கிறீர்கள். நாக்கில் ஊறவைக்கும் குளூட்டமேட் சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். பழுக்கப் பழுக்க அது கூடும்.

பனித்துளி:
என் தட்டில் இருப்பதை நான் வழித்துப் போடுகிறேன். உங்களுக்கு என்ன வலிக்கிறது?

மண்புழு:
நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. நுனிநாக்கு பறிப்பது 10 சதவீதத்திலா, 60 சதவீதத்திலா? 60 என்றால் வேலியோரம் கவலைப்பட அவ்வளவு காரணம் இல்லை. 10 என்றால் இருக்கிறது.

வேலியோரம்:
ஐயா, சதவீதம் பார்த்துத் தோட்டம் வைக்க முடியாது. செங்காய் செங்காய்தான்.

நுனிநாக்கு:
இன்று காலை ஏழு செங்காய் பறித்து ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறேன். ஆறேழு நாளில் பழுத்துவிடும். அணில் எட்டாது, மழை தொடாது. பழுத்ததும் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

வேலியோரம்:
ஜன்னலோரமா? வெயில் நேராக விழும் இடத்திலா? பழுப்பதற்கு வெளிச்சமே தேவையில்லை. வெயில் பட்டால் ஒரு பக்கம் சூடேறி ஒன்று வாடும், இல்லை தோல் வெளுக்கும். செங்காயில் பறித்ததே தப்பு, அதை வெயிலில் வேறு வைத்திருக்கிறீர்கள்!

நுனிநாக்கு:
வெயில் விழும் ஜன்னல் என்று நான் எங்கே எழுதினேன்?

வேலியோரம்:
வெயில் விழாத ஜன்னல் என்றும் எழுதவில்லையே.

ஈரமண்:
அண்ணா, விதை?