பெர்குளோரேட் ஏறிய ரெசினை பாக்டீரியாவால் மீட்டவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். குடிநீரிலிருந்து பெர்குளோரேட்டைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்ற ரெசினை (சிறு பிளாஸ்டிக் மணிகள்), ஒருமுறை பயன்படுத்தி எரித்துவிடாமல் பாக்டீரியாவைக் கொண்டு மீட்க முயல்கிறேன். முதுகலை ஆய்வு. ராக்கெட்டின் திட எரிபொருளிலும் பட்டாசிலும் சேரும் இந்த உப்பு, தைராய்டுக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். கலிபோர்னியாவில் 2007-லேயே குடிநீருக்கு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்துவிட்டார்கள்.

ரெசின் பெர்குளோரேட்டை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறது. உப்புக்கரைசலில் லேசில் இறங்காது. இறங்கினாலும் அந்த உப்பிலேயே பாக்டீரியா சோர்ந்துவிடும். அதனால் ரெசினையே பாக்டீரியாக் கரைசலில் ஊறவைத்தேன். கழிவுநீர்ச் சேற்றிலிருந்து வளர்த்தவை. உணவு அசிடேட், காற்று புகாத குடுவை. பெர்குளோரேட்டைக் குளோரேட், குளோரைட் என்று படிப்படியாகக் குறைத்து, கடைசியில் வெறும் குளோரைடும் ஆக்சிஜனுமாக உடைக்கின்றன. அந்த ஆக்சிஜனையும் தாமே சுவாசித்துவிடுகின்றன, சமர்த்துகள்!

முதல் வாரம் நன்றாகப் போனது. பிறகு குடுவையைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அசிடேட்டை அள்ளிக் கொட்டியதால் சல்பேட்டைக் குறைக்கும் கூட்டம் தலையெடுத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ரெசினில் நைட்ரேட்டும் ஏறியிருக்கும்போது அசிடேட் அளவை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

பெரிய தலைவலி வேறு. மணிகளின் மேல் வழவழவென்று படலம் படிந்துவிட்டது. இப்படியே குடிநீருக்குத் திருப்ப முடியாது. குளோரினில் கழுவினால் ரெசினின் அமைன் தொகுதிகள் கெடும். கிருமிநீக்கத்துக்குப் பெர்அசிட்டிக் அமிலம் பயன்படுத்தியவர்கள் செறிவையும் நேரத்தையும் சொல்ல முடியுமா? என்னுடையது ஜெல் வகை. பெருந்துளை வகைக்கு மாறினால் வேகம் கூடுமா?

வழிகாட்டி "வேறு தலைப்பு எடு" என்கிறார். அதைத் தவிர எந்த ஆலோசனையும் சொல்லுங்கள்.