போஸ்ட்கிரெஸ் மட்டும் இருக்கிற சர்வரில் எந்த சிஎம்எஸ் போடலாம்?

கேள்வி:
எங்கள் சர்வரில் போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ் ஓடுகிறது. உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு எல்லாம் அதில்தான். இப்போது கட்டுரைகள் வெளியிட ஓப்பன் சோர்ஸ் சிஎம்எஸ் (தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) ஒன்று வேண்டும். வேர்ட்பிரஸ் பழக்கம்தான், ஆனால் அது மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற வேறு டேட்டாபேஸ் கேட்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். இரண்டாவது டேட்டாபேஸ் வந்தால் பேக்கப், அப்டேட் எல்லாம் இரட்டை வேலை. ஜூம்லா, ட்ரூபல் என்ற சிஎம்எஸ்கள் போஸ்ட்கிரெஸை ஏற்கும் என்று போட்டிருக்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

பதில் 1:
பழகின வேர்ட்பிரஸையே போடுங்கள். மரியாடிபி பேக்கப் கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓடும் பணிப்பட்டியலில்) ஒரு வரி, அவ்வளவுதான்.

பதில் 2:
நம்பலாம், ஆனால் அந்த வாக்குறுதி கோருக்கு (சிஎம்எஸ்ஸின் அடிப்படைப் பகுதிக்கு) மட்டும். நான் ஜூம்லாவை போஸ்ட்கிரெஸில் போட்டேன், கோர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் நிகழ்ச்சி நாட்காட்டிக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு) ஏற்றினேன். இன்ஸ்டால் பாதியில் நின்றது. ஜிப்பைப் பிரித்துப் பார்த்தால், எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) ஃபோல்டரில் மைஎஸ்க்யூஎல்லுக்கான ஃபைல் மட்டும்தான். உள்ளே டேபிள் பெயர்கள் எல்லாம் பேக்டிக் (`) குறிக்குள். போஸ்ட்கிரெஸுக்கு அந்தக் குறியே தெரியாது, அது இரட்டை மேற்கோள்தான் கேட்கும். திருத்தி ஏற்றியும் தேடல் சரியாக வரவில்லை: மைஎஸ்க்யூஎல்லில் லைக் என்ற தேடல் கட்டளை வழக்கமாக ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காது, போஸ்ட்கிரெஸில் பார்க்கும். இரண்டு நாள் போயிற்று.

அதனால் சிஎம்எஸ்ஸைப் பார்க்கும் முன், உங்களுக்குக் கட்டாயம் வேண்டிய எக்ஸ்டென்ஷன்களை எழுதிக்கொண்டு ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து பாருங்கள். ட்ரூபலில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே மாட்யூல்கள் (ட்ரூபலின் எக்ஸ்டென்ஷன்கள்) பெரும்பாலும் டேபிளை ஸ்கீமா ஏபிஐ (எந்த டேட்டாபேஸுக்கும் ஏற்ற கட்டளையைத் தானே எழுதும் ட்ரூபலின் பகுதி) வழியாக உருவாக்கும், நேரடி எஸ்க்யூஎல் எழுதுவது அரிது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ட்ரூபல் 10க்கு போஸ்ட்கிரெஸ் 12 போதும், ட்ரூபல் 11க்கு 16 வேண்டும். போஸ்ட்கிரெஸின் சொந்த எக்ஸ்டென்ஷனான பிஜி_டிஆர்ஜிஎம்மையும் (எழுத்துத் தேடலுக்கான கூடுதல் வசதி) முதலிலேயே இயக்கி வையுங்கள், இல்லையென்றால் இன்ஸ்டாலர் நின்றுவிடலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. எனக்கு வேண்டியவை நான்கு மாட்யூல்கள். நான்கையும் திறந்து தேடினேன், ஒன்றில் மட்டும் நேரடி எஸ்க்யூஎல் இருக்கிறது. அதுவும் அறிக்கைப் பக்கத்தில்தான், அது இல்லாமல் சமாளிக்கலாம். போஸ்ட்கிரெஸை 14இலிருந்து 16க்கு ஏற்றுவதை முதலில் ஒரு நகலில் செய்து பார்க்கிறேன்.

பதில் 2:
அந்த நகலில் சந்தாக் கணக்கையும் ஓட்டிப் பாருங்கள். ட்ரூபலுக்குத் தனி டேட்டாபேஸ், தனி யூசர் கொடுங்கள். உறுப்பினர் டேபிள்கள் பக்கம் அது போகவே கூடாது.