லாரி கேட்டைத் தாண்டும் முன்பே எடை போட்டாகிவிட்டதாம்: என்டிபி கண்காணிப்பில் எதைப் பார்ப்பது?

சுங்கை சிப்புட் கிராணி:
செம்பனை ஆலையில் ஆபீஸ் வேலையோடு கணினி வேலையும் என் தலையில்தான். கேட் கேமராவில் லாரி நுழையும் நேரம் மாலை 5:52. அதே லாரியின் எடைச்சீட்டில் 5:47. தணிக்கைக்கு வந்தவர் 5:47ஐப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் என் பக்கம் தள்ளினார். கேமராப் பெட்டி, எடைப்பாலக் கணினி இரண்டுமே ரவுட்டரிடம்தான், கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறையான என்டிபி வழியே நேரம் கேட்கின்றன. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, சுவிட்சில் போக்குவரத்தின் நகலைத் தரும் மிரர் போர்ட்டில் செருகி, என்டிபிக்கான யூடிபி 123ஆம் போர்ட்டில் போகிற வருகிற பொட்டலங்களை எண்ணும் பின்புலச் சேவை ஒன்றை எழுதி ஓடவிட்டிருக்கிறேன். கேள்விக்குக் கேள்வி பதில் வருகிறது. பிறகு எங்கே கோளாறு? நேரமண்டலமா?

ஈப்போ வாசி:
நேரமண்டலம் இல்லை தம்பி. அது பிசகினால் நமக்கு 8 மணி நேரம் பிசகும், ஐந்து நிமிடம் பிசகாது. என்டிபி சுமப்பது உலகப் பொது நேரத்தை மட்டும்தான்.

எண்ணி என்ன பயன், பிரித்துப் பாருங்கள். 48 பைட் பொட்டலம். முதல் பைட்டே போதும். அதில் முதல் 2 பிட் எச்சரிக்கை, அடுத்த 3 பதிப்பு, கடைசி 3 முறை, அதாவது கேள்வியா பதிலா என்ற வகை. ரவுட்டரின் பதில் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) 24 என்று தொடங்கினால் நல்லது. ஈ4 என்றால், தன் கடிகாரமே யாரோடும் ஒத்திசையவில்லை என்று ரவுட்டரே ஒப்புக்கொள்கிறது. பழைய 3ஆம் பதிப்பில் இவை 1சி, டிசி. ஒழுங்கான மென்பொருள் அந்தப் பதிலை ஒதுக்கிவிடும்; கணினியின் கடிகாரம் தன் போக்கில் நழுவும். மலிவான கேமராப் பெட்டி எதையும் பாராமல் நம்பிவிடக்கூடும். ஆக, உங்கள் 5:52உம் சந்தேகத்துக்குரியதே!

பட்டர்வொர்த் ராத்திரி ஷிப்ட்:
வெளியிலிருந்து முறை 7, அதாவது நிர்வாகக் கேள்வி, வந்தாலும் பதிவு செய்யுங்கள். 'மான்லிஸ்ட்' என்ற சின்னக் கேள்விக்குப் பழைய என்டிபிடி என்ற நேரச் சேவை மென்பொருள், தன்னோடு பேசிய 600 முகவரிகள் வரை கொட்டும். பலியாளின் முகவரியைப் போட்டுக் கேட்டால் அந்தப் பெரிய பதில் அவர் தலையில் விழும். 2014 பிப்ரவரியில் இந்த ஓட்டையைக் கொண்டு நடந்த தாக்குதல் விநாடிக்கு 400 கிகாபிட்டை நெருங்கியது. அப்புறம், கடிகாரத்தைத் திருத்தும் வேலையை இந்தச் சேவையிடம் கொடுத்துவிடாதீர்கள். அதற்குக் குரோனி என்ற மென்பொருள் இருக்கிறது. கண்காணிப்பவன் கண்காணித்தால் போதும்.

சுங்கை சிப்புட் கிராணி:
எடைப்பாலத்துக்குப் போனதெல்லாம் ஈ4, கேமராவுக்கு டிசி. இடி விழுந்து ரவுட்டரை மாற்றியபோது பொருத்தியவர், ரவுட்டர் நேரம் கேட்க வேண்டிய மேல்நிலைச் சேவையகத்தின் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். பொது நேரச் சேவையகங்களின் தொகுப்பான என்டிபி பூலின் மலேசியப் பெயரைப் போட்டதும் 24 வந்தது. எடைப்பாலக் கணினி ஒரே தாவலில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. கேமராப் பெட்டி நாளுக்கு ஒரு முறைதான் கேட்கும், நாளை பார்க்க வேண்டும். பழைய சீட்டுகளில் நேரத்தைத் திருத்தி அச்சடிக்கலாமா என்கிறார் மேனேஜர்.

ஈப்போ வாசி:
கூடவே கூடாது. எந்தக் கருவி எத்தனை நிமிடம் பிசகியிருந்தது, எப்போது சரிசெய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கித் தணிக்கைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.